பாப் டிலன்: புகழும் கடனும்



இப்பத்தாண்டு நிறைவு விழாவில் எனக்கு வழங்கப்பெற்ற தலைப்பு, “பாப் டிலன் பெற்ற புகழ் மிகையா?” என்பதாகும். 2016-இல் இலக்கிய நோபல் பரிசு அமெரிக்க ராக் இசைப் பாடகராகிய அவருக்கு அறிவிக்கப்பட்டபோது வலுப்பெற்ற இவ்வினா இன்னும் அடங்கவில்லை.

மிகை என்பார் கூற்றுகள் இரண்டு. இசையோடு பாடப்படுவது இலக்கியம் ஆகாது என்பது ஒன்று. இயலையும் இசையையும் உடன்வைத்து எண்ணிய தமிழ் மரபில் வந்தோர் இதனை ஏற்பதற்கில்லை. 1913-இல் அப்பரிசு பெற்ற தாகூரும் பாடல் புனைந்து இசை வகுத்தவரே.

மற்றொரு கூற்று வலியது. அவர் படைப்பில் பிறர் பொருள் மிகுதி என்பது அது. 1963-இல் வெளிவந்த இசைத்தட்டிலுள்ள ‘புளோயிங் இன் தி விண்ட்’ பாடலின் மெட்டு, அடிமைத்தளை நீங்கிய கருப்பின மக்களின் பழம்பாடல் ஒன்றின் வழிவந்தது. டிலனே இதனை ஒப்புக்கொண்டுள்ளார். அதே தட்டின் ‘எ ஹார்டு ரெயின்’ பாடலில் மகனை வினவி விடைபெறும் அமைப்பு, ‘லார்டு ராண்டல்’ என்னும் பழங்கதைப்பாடலுக்குரியது. 2001-ஆம் ஆண்டுத் தட்டின் சில தொடர்கள் ஜப்பானிய எழுத்தாளர் ஜுனிச்சி சாகாவின் நூலை ஒத்திருப்பது 2003-இல் வெளிப்பட்டது.

எனினும், வழிநூலுக்கும் இலக்கணம் வகுத்தோர் நாம். பெற்றதைக் கொண்டு அவர் செய்தது யாது என்றும் காணவேண்டும். வானொலிப் பாடல் மூன்று நிமிட அளவில் நின்ற காலத்தில், 1965-இல் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ ஆறு நிமிடத்தைக் கடந்தது. காதலும் ஆடலுமே பெரிதும் பேசிய ராக் பாட்டு, எள்ளலையும் கதைமாந்தரையும் தாங்கவல்லதாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் மின்கிதார் ஏந்தியபோது, போற்றியவருள்ளேயே சிலர் கூச்சலிட்டனர். அவர் பின்வாங்கவில்லை. இப்பணியை மிகை என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. பரிபாடலின் 11-ஆம் பாடலின் கீழ், பாடியவர் நல்லந்துவனார், இசை வகுத்தவர் நாகனார், பண் பாலையாழ் என்ற குறிப்பு உள்ளது. தேர்வுக்கு வாராதது என்று பல்லாண்டு அதனைக் கடந்து சென்றவள் நான். ஒரு நாள் வகுப்பில் ஒரு மாணவி, “நாகனார் யார், அம்மா?” என்று கேட்டாள். என்னிடம் விடையில்லை. நாணினேன். ஆயினும் அவ்வொரு வரி இல்லையேல் அக்கேள்வியே எழுந்திராது.

அடிமைகளின் மெட்டைப் படைத்தவர்க்கு அந்த ஒரு வரியும் வாய்க்கவில்லை. டிலனின் புகழ் மிகையன்று. அப்புகழில் பங்குடையோர் பெயர் குறைவு என்பதே என் துணிபு.

கவிஞர்களே, உங்கள் அடுத்த தொகுப்பின் இறுதியில், யாரிடம் என்ன பெற்றீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அதனால் உங்கள் புகழ் குன்றாது.