அட்டையில் இருக்கிற பெயர்



இன்று வெளியாகிற நாவலை எழுதியவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, நீங்களே வாய்விட்டுப் படியுங்கள்! ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவர் பெயர் இன்றைக்குத்தான் அச்சேறியிருக்கிறது!

இவரைப் போலவே ஸ்காட்லாந்தில் ஜென்னி எர்டல் என்று ஒரு அம்மா இருந்தார். ரஷ்ய மொழி படித்த மொழிபெயர்ப்பாளர். லண்டன் பதிப்பக முதலாளி நயீம் அத்தல்லாவுக்காக 15 வருஷத்துக்கு மேல் எழுதினார். கட்டுரையா, எழுதினார். கடிதமா, எழுதினார். முதலாளிக்கு நாவலாசிரியர் ஆகும் ஆசை வந்தது. அதையும் இவரே எழுதினார், ஒன்றல்ல, இரண்டு! அட்டையில் யார் பெயர்? முதலாளி பெயர்! 2004-இல் அந்தக் கதையைத் தன் நினைவுக் குறிப்பாக எழுதினார். அதிலும் முதலாளி பெயரைப் போடவில்லை, ‘டைகர்’ என்றுதான் எழுதினார். தன் பெயரை மறைத்தவருக்கு அந்த அம்மா காட்டிய மரியாதை அது! சொந்த நாவல் வந்தது 2012-இல், அறுபது வயது தாண்டி. ‘தி மிஸ்ஸிங் ஷேட் ஆஃப் ப்ளூ.’ கதை சொல்பவன் யார்? தத்துவஞானி டேவிட் ஹியூமை மொழிபெயர்க்க எடின்பரோ வருகிற ஒரு மொழிபெயர்ப்பாளன்! பிறர் சொல்லைச் சுமந்தவனைத்தானே அவரால் எழுத முடியும்?

இந்த நாவலை எழுதிய நம் அண்ணனுக்கு வருகிறேன். ஒரு விழா. வாழ்த்துரையும் இவர் எழுதியது, ஏற்புரையும் இவர் எழுதியது. மேடையில் இரண்டு பேரும் ஒருவர் தமிழை ஒருவர் மெச்சிக்கொண்டார்கள். எழுதியவர் கடைசி வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில்! வடபழனி லாட்ஜில் கதை விவாதம், கையில் அன்றைய பேட்டா, டைட்டில் கார்டில் வேறு பெயர். இரவு வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு, தன் நாவலுக்கு ஒரு பக்கம்.

“காசுக்கு எழுதிக் கொடுத்தவனுக்கு இலக்கியம் வருமா?” என்று சிலர் கேட்கிறார்களாம். அப்படிக் கேட்பவர்களே, நீங்கள் மேடையில் படித்துக் கைதட்டல் வாங்கியது யார் எழுத்து? அந்தக் கைதட்டலை என்றைக்காவது திருப்பிக் கொடுத்தீர்களா? முன்வரிசையில் உங்களுக்குப் போட்ட நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. நாவலில் உங்களைப் பற்றி இருக்குமோ என்ற பயமா? முழுக்கப் படித்துவிட்டேன். உங்களைப் பற்றி ஒரு வரி கிடையாது! அவருக்கு எழுத வேறு வாழ்க்கை இருக்கிறது!

சீட்டு வந்துவிட்டது, முடிக்கிறேன். வாசலில் புத்தகம் வைத்திருக்கிறார்கள். வாங்குகிற ஒவ்வொருவரும் அவரிடம் கையெழுத்துக் கேளுங்கள். எத்தனை நேரம் ஆனாலும் சரி, வரிசையில் நில்லுங்கள்!