கருவி சொல்லாத பதில்

சுகாதார அதிகாரி என்றதும் நம் நினைவுக்கு வருவது கொசுப்புகை இயந்திரமும் சம்மன் புத்தகமும்தான். ஆனால், அந்தத் தொழிலின் உயிர் காதிலும் நாக்கிலும் இருக்கிறது என்பேன். நம் ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கே அதற்குச் சான்று. 2019 மார்ச் 7ஆம் தேதி, சுங்கை கிம் கிம் ஆற்றில் கள்ளத்தனமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நெடி முதலில் அங்குள்ள பாசிர் பூத்தே பள்ளிகளைத் தாக்கியது. பிள்ளைகள் மூச்சுத் திணறினார்கள், வாந்தி எடுத்தார்கள். சில நாளில் இரண்டாவது அலை வந்தது. 13ஆம் தேதி வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன; மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் மொத்தம் 2,775 பேர். காற்றில் பென்சீன், தொலுயீன், அக்ரிலோநைட்ரைல் இருப்பதைக் கருவிகள் பிற்பாடு காட்டின. முதல் எச்சரிக்கை கொடுத்தவை பிள்ளைகளின் உடல்கள்! "சார், ஏதோ வாடை அடிக்குது" என்று பள்ளியிலிருந்து வரும் அழைப்பைப் புலம்பலாக எடுப்பதா, தடயமாக எடுப்பதா என்பதை எந்தக் கருவியும் முடிவு செய்யாது. அது கேட்கத் தெரிந்தவரின் வேலை.

அடுத்தது பேச்சு. பள்ளி வாசலில் நிற்கும் தாய்க்கு அளவீட்டு எண் வேண்டாம். நாளைக்குப் பிள்ளையை அனுப்பலாமா, அதுதான் வேண்டும். "இப்போதைக்கு இதுதான் தெரியும், இது இன்னும் தெரியவில்லை, மாலை ஆறு மணிக்கு மறுபடி சொல்கிறோம்" என்று சொல்லும் துணிவு அதிகாரிக்கு வேண்டும். தெரியாததை ஒப்புக்கொண்டால் மக்கள் பதறுவார்கள் என்பவர்கள் உண்டு. பதற்றம் ஏற்கெனவே வாசலில்தானே நிற்கிறது? அதிகாரி வாய் திறக்காவிட்டால் புலனக் குழுக்கள் திறக்கும்.

சட்டத்தை இறுக்கினால் போதும் என்பது இன்னொரு வாதம். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, உச்ச அபராதம் ஒரு கோடி ரிங்கிட்டாகியிருக்கிறது. நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் அபராதம், நச்சு காற்றில் கலந்த பிறகு வருவது. சட்டம் மட்டும் போதாது என்பதற்கு டெங்கி விஷயத்தைப் பாருங்கள்: வீட்டுக்குள் நுழைந்து சோதிக்க, நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் தருகிறது. பூந்தொட்டித் தட்டைத் தூக்கி, டார்ச் அடித்து, நெளியும் புழுவை வீட்டுக்காரம்மாவுக்கே காட்டுபவர் போன பிறகும் அந்தத் தட்டு காய்ந்திருக்க வாய்ப்புண்டு. சம்மனை மட்டும் நீட்டிவிட்டுப் போகிறவருக்கு அடுத்த முறை கேட் திறக்குமா என்பது சந்தேகம். இப்படிக் கேட்பதும் பேசுவதும் பிறவிக் குணம், கற்றுத்தர முடியாது என்பதையும் நான் ஏற்கவில்லை. நீர் மாதிரி எடுக்கப் பழக்குகிறோம் அல்லவா? அதே பயிற்சியில், கோபத்தில் கத்தும் ஒரு தகப்பனாருக்கு மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் மூன்று வாக்கியத்தில் பதில் சொல்லவும் பழக்கலாம். அதற்கும் மதிப்பெண் போடலாம்.