குளிரும் குணமும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஒரகடத்தைப் பத்திப் பேசுப்பா" என்றார் செயலாளர். உற்பத்தி, ஏற்றுமதி பற்றிப் பேசப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் அங்கே அடிக்கிற மார்கழிக் குளிரைப் பற்றிச் சொல்கிறேன்.

சிரிக்காதீர்கள்! சென்னைப் பக்கம் ஜனவரி இரவில் சராசரியாக 20, 21 டிகிரிதான். 2022-ல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது, ஜெர்மனியில் அரசு அலுவலக அறைகளை 19 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அவர்களுக்குச் சூடேற்றிய அறை. நமக்கோ மங்கி குல்லா!

ஒரகடத்தில் 2010-ல் ரெனோ நிசான், 2012-ல் டெய்ம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக ஆலைகள் வந்தன. கூடவே உதிரிபாகத் தொழிற்சாலைகள், பல மாநிலத்து ஆட்கள். அப்படி ஒரு தொழிற்சாலையில்தான் எனக்கு வேலை. மார்கழி நைட் ஷிப்டில் நாலு விதமான மனிதர்களை அங்கே பார்க்கலாம்.

முதலாமவர் புலம்பல் திலகம். ஸ்வெட்டர், மப்ளர், குல்லா எல்லாம் உண்டு. "யப்பா, என்னா குளிரு!" என்று சொல்லியே குளிரை விரட்டிவிடுவார்.

இரண்டாமவர் வீரர். "இதெல்லாம் ஒரு குளிரா?" என்று அரைக்கைச் சட்டையோடு பைக்கை எடுப்பார். வேர்வை காயாத உடம்பு. எதிர்க்காற்று சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் போவதற்குள் பிரேக் பிடிக்கும் விரல் மரத்துப்போகும். பனிமூட்டத்தில் ஓரமாக நிற்கும் கண்டெய்னர் லாரி கிட்டே போகிறவரை தெரியாது.

மூன்றாமவர் ஏற்பாட்டுக்காரர். சட்டைக்குள் செய்தித்தாள், பையில் சுக்குக்காப்பி ஃபிளாஸ்க். பக்கத்து மெஷின்காரருக்கும் ஒரு டம்ளர் உண்டு.

நாலாமவர் வாயே திறக்காதவர். பீகார்ப் பையன். "பாட்னா குளிரைப் பார்த்தவன், அவனுக்கென்ன!" என்பார்கள். அங்கே ஜனவரி இரவு 10 டிகிரிக்கும் கீழே போகும், வாஸ்தவம்தான். ஆனால் அங்கே அவனுக்குப் பஞ்சு ரஜாய் இருந்தது, குளிர்காய நெருப்பு இருந்தது. இங்கே வாடகை அறையில் எட்டுப் பேர். சிமெண்டுத் தரை, பாய், ஒரு மெல்லிய போர்வை. "குளிருதா?" என்றால், "நஹி சார்".

புலம்புகிறவருக்கு ஒன்றுமில்லை என்றும் முடிவுகட்ட முடியாது. எப்போதும் "குளிருது" என்ற ஒரு பயிற்சிப் பெண்ணை எல்லோரும் கேலி செய்தார்கள். டாக்டர் பார்த்தால், ரத்தசோகை!

ஆகவே நாளைக்கு சூப்பர்வைசராகப் போகும் தம்பி தங்கைகளே, "குளிருதா?" என்று கேட்காதீர்கள். வீரரும் இல்லை என்பார், கூச்சக்காரரும் இல்லை என்பார். "போர்வை இருக்கா? எதில் வீட்டுக்குப் போறே?" என்று கேளுங்கள், உண்மை வந்துவிடும். நாங்கள் அப்படிக் கேட்ட பிறகுதான் காண்டிராக்டர் மூலமாகக் கம்பளி வாங்கிக் கொடுக்க முடிந்தது. ஷிப்ட் முடிந்ததும் சூடாக டீ கொடுத்து, விடிந்த பிறகே பைக்காரர்களை அனுப்புகிறோம். ஜனவரியில் சூரியன் உதிக்கவே ஆறரை ஆகிவிடுகிறதே!

நக்கீரரின் நெடுநல்வாடையில், வாடை வீசும் நள்ளிரவில் அரசன் பாசறையில் தூங்காமல், காயம்பட்ட வீரர்களை நேரில் பார்த்து ஆறுதல் சொல்லிக்கொண்டு வருகிறான். நைட் ஷிப்ட் பொறுப்பு என்றால் அதுதான்.