மணிக்கணக்கில் ஒரு பேராசிரியர்



காட்கி, தாபோடி, கோர்பாடி என்று நாம் குடியேறிய இடங்களிலெல்லாம் இன்று எம்.ஏ. படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கேங்மேன் மகள் சமூகவியல் படித்து, கலைக் கல்லூரியில் வகுப்பெடுக்கிறாள் என்றால் நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. நிமிரட்டும். ஆனால் அது என்ன வேலை என்று அவளைக் கேட்டுப் பாருங்கள். மராட்டியில் 'தாசிகா தத்வ' என்பாள். மணிக்கணக்கு வேலை.

எடுத்த வகுப்புக்கு மட்டும் கூலி. முதல் நாள் இரவு கண்விழித்துப் படித்ததற்குக் கூலியில்லை. தீபாவளி விடுமுறைக்குக் கிடையாது. மே மாதம் அடுப்பெரிய வேறு வழி பார்க்க வேண்டும். ஜூனில் அதே நாற்காலிக்கு மறுபடியும் நேர்காணல்! இத்தனைக்கும் நெட், செட் தேர்வுகளில் தேறியவர்கள். முனைவர் பட்டம் பெற்றவர்களும் உண்டு.

இதைச் சொன்னால் புனேயில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. கல்வி என்பது சேவையப்பா, கோகலே மாதம் 75 ரூபாய்க்குப் பாடம் நடத்தவில்லையா என்பார்கள். நடத்தினார். பெர்குசன் கல்லூரி 1885-இல் தொடங்கியது. அந்தத் தலைமுறையினர் குறைந்த சம்பளத்தில் இருபதாண்டு உழைப்பதாக ஒப்புக்கொண்டு வந்தார்கள். ஆனால் அவர்கள் டெக்கான் எஜுகேஷன் சொசைட்டியின் ஆயுள் உறுப்பினர்கள். நிர்வாகமே அவர்கள் கையில் இருந்தது. கோகலேயை ஏப்ரலில் யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அவர் தியாகத்தைக் காட்டி நம் பிள்ளையின் சம்பளத்தில் கை வைப்பது என்ன நியாயம்?

சமூகவியலுக்கு இந்த ஊரில் பெரிய பெயர் உண்டு. 1939 முதல் டெக்கான் கல்லூரியில் பணியாற்றிய இராவதி கார்வே, கொய்னா அணையால் ஊரிழந்த மக்களை ஆராய்ந்தார். அது 1969-இல் நூலாக வந்தது. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம் கதைக்கு அது வெகு தூரமில்லை. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்றே தெரியாத ஆசிரியை எந்த ஊருக்குப் போய், எத்தனை வீட்டுக் கதவைத் தட்டுவாள்?

சட்டம் இல்லாமலில்லை. ஒப்பந்த ஆசிரியர்கள் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதி. 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில் அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள்! நிரந்தரம் கேட்டால் 2006-ஆம் ஆண்டின் உமாதேவி தீர்ப்பை நீட்டுவார்கள். அதற்கு நாமும் ஒன்று நீட்டலாம். குஜராத் அரசு பொறியியல் கல்லூரிகளில் 30,000 ரூபாய் வாங்கிய ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு, அந்தப் பதவியின் குறைந்தபட்ச ஊதிய விகிதத்தையாவது கொடு என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

நான் பத்தாவதோடு நின்ற ரயில்வே குமாஸ்தா. கல்லூரி விவகாரம் எனக்கெதற்கு என்று கேட்கலாம். எங்களுக்கு இது பழைய கதை, தோழர்களே. தண்டவாளம் போட்ட கேஷுவல் தொழிலாளிகளை எடுப்பதும் கழற்றிவிடுவதுமாகவே ஆண்டுகளை ஓட்டினார்கள். 1985-இல் இந்தர் பால் யாதவ் வழக்கு வந்த பிறகுதான், திட்டப் பணிகளில் 360 நாள் தொடர்ந்து உழைத்தவர்களுக்குத் தற்காலிக ஊழியர் என்ற தகுதி கிடைக்க வழி பிறந்தது. அந்த நாள்களை எதைக் கொண்டு நிரூபித்தார்கள்? டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த கேஷுவல் லேபர் கார்டைக் கொண்டு.

கல்லூரியில் அந்தக் கார்டு இல்லை. ஆகவே நியமனக் கடிதம், கால அட்டவணை, கையெழுத்திட்ட வருகைப் பதிவின் நகல், பணம் வரவான வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஆண்டுவாரியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். "எங்கள் வீட்டில் பேராசிரியர்" என்ற கௌரவத்துக்காக மூடி மறைக்க வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் அந்தக் காகிதங்களையும் இங்கே அழைத்து வாருங்கள். யார் எத்தனை ஆண்டு, எத்தனை மணி என்று பட்டியல் எடுக்கத் தொடங்குவோம்.