பட்டாசு சீசனும் குரோம்டிரைவரும்

விருதுநகர்ல இருந்து சிவகாசி போற ரோட்டுல வழிநெடுக பட்டாசுக் கடை போர்டு பார்த்திருப்பீங்க. இப்போ பல போர்டுல போன் நம்பருக்குக் கீழே வெப்சைட் முகவரியும் இருக்கு. அந்த மாதிரி ஒரு சைட்டை ஆட்டோமேஷன்ல டெஸ்ட் பண்ண பிரவுசர் டிரைவரை எப்படி செட்டப் பண்றதுன்னு இன்னைக்குப் பேசலாம்.

அந்த சைட்ல இருக்கறது ஒரு நீளமான விலைப்பட்டியல். கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்குச்சக்கரம்னு ஒவ்வொண்ணுக்கும் எண்ணிக்கை போட ஒரு கட்டம், கடைசியில தள்ளுபடி போக மொத்தத் தொகை. பணம் கட்டுற பட்டன் இருக்காது. ஏன்னா 2018 அக்டோபர் 23-ல, ஈ-காமர்ஸ் தளங்கள் பட்டாசுக்கு ஆன்லைன் ஆர்டர் எடுக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதனால லிஸ்ட்டை என்கொயரியா அனுப்புவோம், கடையில இருந்து போன் பண்ணிப் பேசுவாங்க.

இங்கே மூணு விஷயம் தப்பவே கூடாது. ஒண்ணு, மொத்தம் சரியா வரணும்: 200 ரூபாய் பாக்ஸ் 10, தள்ளுபடி 80 சதவீதம்னா 400 ரூபாய். ரெண்டு, என்கொயரி போய்ச் சேரணும். மூணு, பணம் வாங்குற பட்டன் எங்கேயும் முளைச்சிருக்கக் கூடாது. விலை மாறுற ஒவ்வொரு தடவையும் இதையெல்லாம் கையால சரிபார்க்கிறது நடக்கிற காரியமா? அதுக்குத்தான் செலினியம்.

நம்ம ஸ்கிரிப்ட் பைத்தான்ல இருக்கு. குரோமுக்கு பைத்தான் தெரியாது. நடுவுல மொழிபெயர்க்க ஒரு ஆள் வேணும், அதுதான் குரோம்டிரைவர். அது ஒரு குட்டி சர்வர். "இந்தக் கட்டத்துல 10 போடு"ன்னு ஸ்கிரிப்ட் சொன்னா, அதை குரோம்ல செஞ்சு முடிச்சு பதிலைத் திருப்பித் தரும். ஃபயர்ஃபாக்ஸுக்கு கெக்கோடிரைவர், எட்ஜுக்குத் தனியா ஒண்ணு. சஃபாரிக்கு மேக்லயே வந்துடும்.

சிக்கல் பதிப்பு எண்லதான். குரோமோட முக்கியப் பதிப்பு எண்ணும் டிரைவரோட எண்ணும் ஒத்துப்போகணும். குரோம் தானா அப்டேட் ஆயிடும். 2021-ல அதோட வெளியீட்டை ஆறு வாரத்துல இருந்து நாலு வாரத்துக்கு மாத்தினாங்க. நாம கையால இறக்கி வெச்ச டிரைவர் அப்படியே கிடக்கும்.

தினமும் வேலை நடக்கிற ப்ராஜெக்ட்ல இது ஒரு மாசத்துல தெரிஞ்சிடும். பட்டாசுக் கடை சைட் அப்படி இல்ல. தீபாவளி முடிஞ்சதும் மறந்துட்டு, அடுத்த ஆடியில வந்து தொடுவோம். அதுக்குள்ள குரோம் எத்தனையோ பதிப்பு தாண்டியிருக்கும். டெஸ்ட்டை ஓட்டினா 'செஷன் நாட் கிரியேட்டட்'னு சிவப்பு எழுத்து வரும். சைட்ல ஒரு பிழையும் இருக்காது. டெஸ்ட் சைட்டைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்காது. ஆனா சீசன் அவசரத்துல, "டெஸ்ட்டே கெட்டுப்போச்சு, விடு"ன்னு சொல்லிட்டு புது விலையை ஏத்திடுவாங்க. ஆபத்தே அங்கதான்.

இணையத்துல தேடினா பழைய வழிதான் முதல்ல வரும்: ஜிப் ஃபைலை இறக்கு, சி டிரைவ்ல போடு, பாத் குடு. அந்தப் பழைய டவுன்லோட் பட்டியல் 114-ஆம் பதிப்போட நின்னுடுச்சு. 2023 ஜூலையில வந்த 115-ல இருந்து டிரைவர், 'குரோம் ஃபார் டெஸ்டிங்' பக்கத்துலதான் வருது.

இப்போ பாத்தே குடுக்க வேண்டாம். 2022 நவம்பர்ல வந்த செலினியம் 4.6-ல இருந்து 'செலினியம் மேனேஜர்' கூடவே வருது. கோடுல வெப்டிரைவர் டாட் குரோம், அடைப்புக்குறிக்குள்ள பாத் எதுவும் இல்லாம எழுதினா போதும். உங்க குரோம் எந்தப் பதிப்புன்னு பார்த்து, பொருத்தமான டிரைவரை அதுவே இறக்கிக்கும். 4.11-ல இருந்து, மெஷின்ல குரோமே இல்லைன்னாலும் 'குரோம் ஃபார் டெஸ்டிங்'கை இறக்கிடும்.

ரெண்டு இடத்துல மட்டும் கவனம். முதல்ல, பழைய குரோம்டிரைவர் சிஸ்டம் பாத்ல கிடந்தா செலினியம் அதைத்தான் எடுக்கும். தேடிப் பிடிச்சு அழிச்சிடுங்க. அடுத்து, நெட் இல்லாத மெஷின்லயோ பில்ட் சர்வர்லயோ ஓட்டுறதா இருந்தா, 'குரோம் ஃபார் டெஸ்டிங்'கையும் அதே எண் உள்ள டிரைவரையும் ஜோடியா வைங்க. இந்த குரோம் தானா அப்டேட் ஆகாது. அதனால ஜோடி பிரியாது.

கடைசியா ஒரு பழக்கம். பக்கத்தைத் திறந்து தலைப்பை மட்டும் படிக்கிற ஒரு குட்டி டெஸ்ட் எழுதி, அதை முதல்ல ஓட விடுங்க. அது 'செஷன் நாட் கிரியேட்டட்'னு விழுந்தா கோளாறு டிரைவர்ல. அது பாஸாகி, மொத்தத் தொகை டெஸ்ட் விழுந்தா, விலைக் கணக்கைப் பாருங்க. இந்த ரெண்டையும் பிரிச்சு வெச்சிட்டா, சிவப்பு எழுத்தைப் பார்த்து யாரும் டெஸ்ட்டைத் தூக்கிப் போட மாட்டாங்க.

400 ரூபாய் 2,000-னு காட்டினா வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போயிடுவார். 40-னு காட்டினா கடைக்காரருக்கு நஷ்டம், இல்லைன்னா சண்டை. வருஷ வியாபாரமே சில வாரத்துல முடியற ஊர்ல இது சின்ன விஷயம் இல்ல. ஆடி பிறக்கறதுக்கு முன்னாடியே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடுங்க.