சீட்டைக் கவிழ்க்கத் தெரிந்த கை

(தொலைக்காட்சிக் கருத்துமேடையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘அன்றாடப் பழக்கங்கள்’ என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்டபோது, “சார், எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே பழக்கம் சீட்டாட்டம்தான்” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “அதையே பேசுங்களேன்” என்றார். இதே பதிலை என் அம்மாவிடம் சொல்லியிருந்தால் சிரிப்பு வந்திருக்காது, வேறு ஏதாவது பறந்து வந்திருக்கும்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் ஆடுவது போக்கர். ஆடும் இடம் ஈசூனில் என் கூட்டாளி ஒருவரின் வீவக வீட்டு வரவேற்பறை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஏழு பேர். பந்தயப் பொருள் கச்சாங் பூத்தே! ஆம், வறுத்த கடலையும் பட்டாணியும்தான். வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் கூடி விளையாடுவதை 2022 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து சட்டம் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. இருந்தாலும் நாங்கள் கடலையை விட்டு மாறவில்லை. 150 வெள்ளி நுழைவுக் கட்டணம் கட்டிச் சூதாட்டக் கூடத்துக்குள் போகிறவர்களின் கதை வேறு. அது பல வீடுகளில் கண்ணீர்க் கதை. அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, பிறர் பார்க்க முடியாதபடி. மேசை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, ஒரேயடியாக அல்ல, மூன்று கட்டமாகத் திறக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயத்தைக் கூட்டலாம், சமமாகப் போடலாம், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். அவ்வளவுதான். ரம்மி ஆடத் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்வார். பத்து ஆண்டு ஆடியும் எனக்கு இன்னும் வந்த பாடில்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? கடலைக்காக ஆடினாலும் மனிதனுக்குக் கோபம் வருகிறது. எங்கள் குழுவில் ஓர் ஆசிரியர் இருக்கிறார். வகுப்பில் நாற்பது பிள்ளைகளைச் சமாளிப்பவர், அவ்வளவு பொறுமைசாலி. ஒரு நாள் நல்ல சீட்டு வைத்திருந்தும் கடைசிச் சீட்டில் தோற்றார். போனது மொத்தம் ஒரு கைப்பிடி கடலை. அடுத்த ஐந்து ஆட்டங்களில் எது வந்தாலும் பந்தயத்தைக் கூட்டிக்கொண்டே போனார். அரை மணி நேரத்தில் அவர் முன்னால் ஒரு பட்டாணிகூட இல்லை. போக்கர் ஆட்டக்காரர்கள் இதை ‘டில்ட்’ என்பார்கள். பந்து உருட்டும் பின்பால் இயந்திரத்தை ஆத்திரத்தில் பிடித்துச் சாய்த்தால் ஆட்டம் நின்றுபோகும், அதிலிருந்து வந்த சொல்.

டில்ட் ஆவதற்குச் சீட்டு வேண்டியதில்லை. காலையில் எம்ஆர்டியில் ஒருவர் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் போய்விடுகிறார். அலுவலகத்தில் யாருக்கோ காட்டமாக ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறோம். மாலையில் வீட்டில் பிள்ளை தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டதற்கு அறை விழுகிறது. மிதித்தவர் யாரோ, அடி வாங்கியவர் யாரோ.

அடுத்தது, முகம் பார்க்கும் பழக்கம். மைக் காரோ என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1984ஆம் ஆண்டில், ஆட்டக்காரர்களின் உடல்மொழியைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய அடிப்படைக் கருத்து எளிமையானது. நல்ல சீட்டு வைத்திருப்பவன் சலித்துக்கொள்வான், தோள்களைக் குலுக்குவான். ஒன்றுமில்லாதவன் மிடுக்காக உட்கார்ந்து உங்கள் கண்ணையே பார்ப்பான். இதைப் படித்தபோது எனக்குத் தேக்காதான் நினைவுக்கு வந்தது. சேலைக் கடைக்கு வரும் அக்கா ஒருவர், “இதென்ன நிறம், வெளுத்துப்போகும் போலிருக்கே” என்பார். அவருடைய கை மட்டும் அந்தச் சேலையின் முந்தானையை விடாது. “ரொம்ப அழகாக இருக்கிறது, எல்லாம் எடுத்து வையுங்கள், இதோ வந்துவிடுகிறேன்” என்று மனமாரப் பாராட்டுகிறவர் திரும்பி வரவே மாட்டார். இதை நான் எப்படிக் கண்டேன் என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

மக்கள் தொடர்பியலில் பட்டயம் பெற்றவள் நான். படக்கருவி முன்னால் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்பதற்கே மதிப்பெண் வாங்கியவள். ஆகவே முகம் பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒரு நாள் என் கணவர், “வீட்டுக்கு வந்தால் என்னைப் பார், என் கையில் என்ன சீட்டு என்று பார்க்காதே” என்றார். சுருக்கென்றது. 2017ஆம் ஆண்டில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய லிபராட்டஸ் என்ற கணினி நிரல், தேர்ந்த ஆட்டக்காரர்கள் நால்வரை 120,000 ஆட்டங்களில் வென்றது. அதற்கு யாருடைய முகமும் தெரியாது. அவர்கள் போட்ட பந்தயத்தை மட்டுமே கணக்கிட்டது. முகத்தைவிடச் செய்கையைப் பார்ப்பதே மேல் என்று அன்றிலிருந்து என் கணவருக்கும் ஒரு வாதம் கிடைத்துவிட்டது.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். போக்கரில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த ஆரம்பக் கை இரண்டு ஏஸ். சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான் வரும். அதை இரண்டு ராஜா வைத்திருப்பவரோடு மோதவிட்டால், நூறில் ஏறக்குறைய 18 முறை ராஜாதான் ஜெயிக்கும். அப்படித் தோற்றவர் செய்தது தவறா? இல்லை. ராஜாவோடு ஜெயித்தவர் மகா கெட்டிக்காரரா? அதுவும் இல்லை. கிடைத்த முடிவை வைத்தே எடுத்த தீர்மானத்தை எடைபோடும் இந்தக் குணத்தை ஆட்டக்காரர்கள் ‘ரிசல்டிங்’ என்கிறார்கள். உளவியல் படித்த போக்கர் ஆட்டக்காரர் ஆனி டியூக், 2018இல் வெளிவந்த தம் நூலில் இதை விரிவாகப் பேசுகிறார். நம் வீடுகளில் இதற்குப் பஞ்சமே இல்லை. ஃபோர்டியில் பேரனின் பிறந்தநாள் எண்ணுக்குப் பரிசு விழுந்துவிட்டால் தாத்தா அன்றிலிருந்து ஜோதிடர்.

நானும் ஒரு ஜோதிடராக இருந்தவள்தான். 2018ஆம் ஆண்டு நானும் என் கல்லூரித் தோழியும் லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்குள் சேலைக்கடை திறந்தோம். ஆளுக்கு 30,000 வெள்ளி போட்டோம். அந்த ஆண்டுத் தீபாவளிக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. எங்கள் தேர்வு அப்படி, எங்கள் சிரிப்பு அப்படி என்று நினைத்துக்கொண்டோம். எதிரில் இருந்த பெரிய கடை அந்த மாதம் புதுப்பிப்புப் பணிக்காக மூடியிருந்தது என்பதை இருவருமே வசதியாக மறந்துவிட்டோம். அடுத்த தீபாவளிக்கு அந்தக் கடை திறந்திருந்தது. எங்கள் கடையில் ஈ ஆடவில்லை.

நல்ல ஆட்டக்காரர், ஏழெட்டுப் பேர் அமர்ந்த மேசையில், பத்துக் கைகளில் ஏழெட்டைக் கவிழ்த்துவிடுவார். ஏற்கெனவே நடுவில் போட்ட பணம் அவருடையதல்ல, அது மேசையுடையது. இதை நான் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடமே எடுப்பேன். ஆனால் 2019 டிசம்பரில் தோழி, “மூடிவிடலாம்டி” என்று சொன்னபோது நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? “இவ்வளவு போட்டாச்சே.” சனிக்கிழமை கடலைக்காகச் சொல்லவே மாட்டேன் என்று சபதம் செய்த வார்த்தை! கடைக்காகச் சரளமாக வந்தது. கடலையைக் கவிழ்ப்பது எளிது. பெயர்ப்பலகையில் உன் பெயர் இருக்கும்போது கை வருவதில்லை. கடை திறப்பு விழாவுக்கு வந்து வாழ்த்தியவர்கள் ஒவ்வொருவரும் கண்முன் வந்து நின்றார்கள். தொலைக்காட்சியில் வருகிறவள் கடையை மூடினாள் என்று பேசுவார்களே என்ற பயம் வேறு.

தோழி தன் பங்கோடு விலகிக்கொண்டாள். அன்று அவளைக் கோழை என்று நினைத்தேன். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி கிருமிப் பரவல் முறியடிப்புக் காலம் தொடங்கியது. திருமணங்கள் தள்ளிப்போயின, கடை பூட்டிக் கிடந்தது. அரசாங்க உதவி கொஞ்சம் கைகொடுத்தது, மறுக்கவில்லை. மீண்டும் திறந்ததும், பிடிஓ வீட்டு முன்பணத்துக்காக நானும் கணவரும் சேர்த்திருந்ததிலிருந்து 22,000 வெள்ளியை எடுத்து உள்ளே போட்டேன். கணவர் தடுக்கவில்லை. “உனக்குச் சரியென்று பட்டால்” என்றார். முகம் பார்ப்பதில் கெட்டிக்காரியான எனக்கு அன்று அந்த முகத்தில் இருந்தது தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை என்பதுதான் உண்மை. 2021 மார்ச்சில் கடையை மூடினேன். வீடு வாங்குவது நான்கு ஆண்டு தள்ளிப்போனது.

கிருமித்தொற்றினால் கடை போயிற்று என்று உறவினர்களிடம் நீண்ட நாள் சொல்லிவந்தேன். எல்லாரும் “பாவம்” என்றார்கள். இன்று இந்த மேடையில்தான் முதன்முதலாகச் சொல்கிறேன், அது கிருமிக்கு முன்பே தோற்ற கை. 2019 டிசம்பரிலேயே தெரிந்திருந்தது. சென்ற மாதம் தோழியை அழைத்து இதைச் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஆள் வேணுமா?” என்று கேட்டாள். அவள் இப்போது எங்கள் எட்டாவது ஆள். நேற்று என் கடலை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டாள், அது தனிக்கதை.

கடைச் சாமான்களை எல்லாம் விற்றாயிற்று. ஒன்று மட்டும் பாக்கி. சேலை கட்டி வாசலில் நிறுத்தியிருந்த பொம்மை. நாங்கள் இன்னும் இருக்கும் அம்மா வீட்டு வரவேற்பறையில், கடைசியாகக் கட்டிய மாம்பழ நிறச் சேலையோடு அப்படியே நிற்கிறது. கணவர் அதன் கையில் குடையை மாட்டிவைக்கிறார். “இதை எப்பம்மா தூக்கிப் போடுவே?” என்று அம்மா வாரம் தவறாமல் கேட்கிறார். நானும் வாரம் தவறாமல், “அடுத்த வாரம்மா” என்கிறேன்.