தம்பி ஃபாரஸ்ட்ரி படிக்கப் போறானாம்

உப்பளத்துல எங்க வீட்டு மொட்டை மாடியிலேருந்து பேசுறேன். போன வாரம் சித்தி பையன், பிளஸ் டூ முடிச்சவன், "அண்ணா, நான் ஃபாரஸ்ட்ரி படிக்கப் போறேன்"னான். சித்தி என்கிட்ட, "நீயாவது சொல்லுப்பா, உன்னை மாதிரி இன்ஜினியரிங் சேரட்டும்"னாங்க.

சொல்றதுக்கு முன்னாடி தேடிப் படிச்சேன். மேட்டுப்பாளையத்துல, நீலகிரி அடிவாரத்துல, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட வனக் கல்லூரி இருக்கு. நாலு வருஷப் படிப்பு. மண், காட்டுயிர், மர வளர்ப்பு எல்லாம் பாடம். ஒரு மரத்துல எவ்வளவு கட்டை தேறும்னு வெட்டாமலே கணக்குப் போடணும். அதுக்குத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்துல அடிமரத்தை அளப்பாங்க. இதுவும் ஒரு இன்ஜினியரிங்தானே!

நம்ம ஊருக்கும் இதுல பங்கு உண்டு. 1955-ல தொடங்கின பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்தான் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு வரைபடம் போட்டது. அதுக்கும் முன்னாடி, 1867-லேருந்து, இந்தியக் காடுகளுக்கு வரவேண்டிய ஆங்கிலேய அதிகாரிகளே பிரான்ஸ்ல நான்சி வனப் பள்ளியில படிச்சுட்டுத்தான் வந்தாங்க.

ஆனா தம்பிகிட்ட ஒண்ணை மறைக்கல. இந்திய வனப் பணித் தேர்வை இன்ஜினியரிங் முடிச்சவங்களும் எழுதலாம். அதனால இந்தப் பட்டம் மட்டுமே வேலைக்கு உத்தரவாதம் இல்ல. "வேலைதான் குறின்னா இன்னொரு தடவை யோசி. மரம்தான் குறின்னா கிளம்பு"ன்னேன்.

எனக்குப் பதினேழு வயசுல, உனக்கு என்னடா பிடிக்கும்னு யாரும் கேட்கல. அவன்கிட்ட கேட்டேன். அப்ளிகேஷன் போட்டுட்டான். சித்திதான் இன்னும் என்கூட பேசல.